எட்டு போர்ட் போதும், மாமா

வாங்க தம்பி, வாங்க. மாடி போர்ஷன் பார்க்க வந்தவங்கதானே? போன்ல பேசுனது என்ற சம்சாரம். வாடகைக்குன்னு கேட்ல அட்டை மாட்டச் சொன்னதும் அவதான். சாவி என்கிட்டத்தான் இருக்குது. காட்டறேன், அவசரமில்லை. முதல்ல உக்காருங்க. தனம், தம்பிக்கு ஒரு காபி.

என்ன வேலைங்க? கம்ப்யூட்டரா? வீட்ல இருந்தேவா? அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. தண்ணி, கரண்டு எல்லாம் அப்பறம் பேசிக்கலாம். முதல்ல நெட்டைப் பத்திச் சொல்லீர்றேன். சிங்காநல்லூர்ல இந்தச் சந்துக்குள்ள சென்னியப்பன் வீட்டு நெட்டு மாதிரி ஒரு வீட்லயும் கிடையாதுங்க. ரூமுக்கு ரூமு வயர். காத்துல வர்றது இல்லை, வயர்ல வர்றது. அதுக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மேல என்ற பையன் சசிதரனும் மருமக இந்துஜாவும் இருந்தாங்க. மாடியே அவங்களுக்காகக் கட்டுனதுதானுங்க. இப்ப சரவணம்பட்டியில ஃப்ளாட் எடுத்துப் போயிட்டாங்க. ஐயோ, சண்டையெல்லாம் இல்லீங்க. அப்படி நினைச்சுக்காதீங்க. நெட்டு பத்தல. அதான் காரணம். வேற ஒண்ணுமே இல்லை.

ரெண்டு பேருக்கும் வீட்ல இருந்துதான் வேலை. பையன் ஏதோ கணக்கு சாஃப்ட்வேர். மருமக என்னமோ வெளிநாட்டு பேங்குக்கு இந்த நெட்டு, கேபிளு, அது எங்க போகுது, எங்க நிக்குதுன்னு பார்க்கற வேலை. நெட்வொர்க் இன்ஜினியர்னு சொல்லுவா. அதெல்லாம் பெரிய பெரிய ஆபீசுக்குங்க. வீட்டு சமாச்சாரம் வேற. வீட்டுக்கு அனுபவம் வேணும். நான் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தவன். நான் கை வெச்சா நின்ன மிஷின் ஓடும்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, ஒரு நா டேங்க்ல தண்ணி பார்க்கறதுக்கு மேல போனனுங்க. மொட்டை மாடிக்குப் போறதுக்கு அவங்க ஹால் வழியாத்தான் போகணும். குளிக்கப் போறவன், துண்டோட போனேன். மருமக கம்ப்யூட்டர்ல பேசிக்கிட்டு இருந்தா. திரையில ஏழெட்டுத் தலை. எல்லாத் தலையும் என்னைப் பார்த்துச் சிரிச்சுது. நல்ல மனுசங்க. நானும் ஒரு வணக்கம் வெச்சேன். வெச்ச உடனே திரை கருப்பாயிருச்சுங்க. லைன் கட்டாயிருச்சு பாவம்.

அன்னைக்குச் சாயங்காலந்தான் அந்தப் புள்ள முதல் தடவையா வாயைத் திறந்துச்சு. "மாமா, மேல நெட்டு சரியா வர்றதில்லை. நாங்க சரவணம்பட்டிப் பக்கம் வீடு பார்க்கலாமான்னு யோசிக்கிறோம்" அப்படீன்னா. பையன் தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தான். ஒத்தைப் பையன். அவன் போயிட்டா இந்த வீட்ல நானும் இவளும் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுவும் எதுக்காக? நெட்டுக்காக. இது ஒரு காரணமா தம்பி? சரி பண்ண முடியாத கோளாறுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? அடுத்த நாளே எலக்ட்ரீசியனைக் கூப்புட்டுட்டேன்.

ரவுட்டர் கீழ இந்த டிவிக்குப் பக்கத்துல இருக்குது பாருங்க. அதுல இருந்து மேல ஒரு வயர் ஏத்துனோம். மாடிப்படி முடியற எடத்துல பரண் இருக்குது. எல்லா ரூம்ல இருந்தும் வயர் அந்தப் பரணுக்கு வந்து சேர்ற மாதிரி பைப் போட்டோம். இப்ப என்ன ஆச்சுன்னா, கீழ இருந்து வர்றது ஒரே வயர். போக வேண்டியது அத்தனை ரூமு. நடுவுல ஒரு பெட்டி வேணும். அதுக்குப் பேருதான் ஸ்விட்ச். ஒரு வயர் உள்ள வரும், அதைப் பல வயருக்குப் பிரிச்சுக் குடுக்கும். அவ்வளவுதான். ஓ, உங்களுக்குத் தெரியுமா? மருமகளும் இப்படித்தான் தெரியும் மாமான்னா. இருந்தாலும் அவளுக்குப் பொறுமையா ரெண்டு தடவை விளக்கிச் சொன்னேன்.

வயர் சொருகற ஓட்டை இருக்குது பாருங்க, அதுக்கு போர்ட்டுன்னு பேரு. அஞ்சு போர்ட், எட்டு போர்ட், பதினாறு, இருபத்திநாலுன்னு பெட்டி வருது. எத்தனை போர்ட் வாங்கறதுங்கறதுதான் கேள்வி. வீட்ல எத்தனை பேரு, நாளைக்கு எத்தனை பேரு ஆவாங்கன்னு பார்க்கணுமில்லீங்களா? அதனால மருமகளையே கேட்டேன். "ஏங்கண்ணு, பொறக்கப் போற குழந்தைங்களுக்கு எத்தனை பாயிண்ட் போடட்டும்? ரெண்டா, மூணா?" எலக்ட்ரீசியன் ஏணி மேல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தான். கேட்டாத்தானே தெரியும்? அவ ஏணி மேல நின்னவனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தா. அப்பறம், "எட்டு போர்ட் போதும், மாமா. ஜிகாபிட், அதாவது ஸ்பீடு ஆயிரம் வர்றதாப் பார்த்து வாங்குங்க. ஃபேன் இல்லாதது. செட்டிங்ஸ் எதுவும் வேண்டாம், சும்மா சொருகுனா ஓடறது" அப்படீன்னுட்டு உள்ள போயிட்டா. கொஞ்ச நேரத்துல வாட்சப்புல ஒரு படமும் அனுப்பிச்சா. சின்னப் பெட்டி. டிபன் டப்பா அளவுக்குத்தான் இருந்துச்சு.

சின்னப் புள்ள சொல்றதை அப்படியே கேட்டுற முடியுங்களா? நம்ம காசு மிச்சமாகட்டும்னு குறைச்சுச் சொல்றான்னு நினைச்சேன். நல்ல மனசு. நான் காந்திபுரம் போய் நாலு கடை ஏறி இறங்குனேன். ஒருத்தன் பிளாஸ்டிக்ல காட்டறான், ஒருத்தன் இரும்புல காட்டறான். ஒருத்தன் ஸ்பீடு நூறுங்கறான், இன்னொருத்தன் ஆயிரங்கறான். யாரை நம்பறது? கடைசியில காளியண்ணனைக் கேட்டேன். மில்லுல எனக்கு ஜோடியா வேலை பார்த்தவன். அவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. ஆனா என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்ல மாட்டான். "குடும்பம் பெருகற குடும்பம். எட்டு வாங்கி நாளைக்குப் பத்தலைன்னு நிப்பியா? இருபத்திநாலா வாங்கிப் போடு" அப்படீன்னான். அவிநாசி ரோட்டுல ஒரு ஆபீசைக் காலி பண்றாங்க, சாமானெல்லாம் சல்லிசாப் போகுதுன்னும் அவனேதான் துப்பு சொன்னான்.

காபி ஆறுது, குடிங்க. சர்க்கரை பத்துதுங்களா?

வாங்கிட்டு வந்தோம். இருபத்திநாலு போர்ட். ரெண்டு கையில தூக்கணும், அந்தக் கனம். பரண்ல ஏத்தி வெச்சு கரண்டு குடுத்தேன் பாருங்க, உள்ள ரெண்டு ஃபேன் இருக்குது, உய்ய்ய்னு ஒரு சத்தம். மில்லுல ஸ்பின்னிங் செக்‌ஷன்ல நிக்கற மாதிரியே இருந்துச்சு. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. ரிடையர் ஆனதுக்கப்பறம் அன்னைக்குத்தான் மத்தியானம் நிம்மதியாத் தூங்குனேன்.

மருமகளுக்கு மட்டும் அது ஒத்துக்கல. பரண் அவங்க ஹாலுக்கு நேர் மேல. பேசறப்ப அந்தப் பக்கம் இருக்கறவங்க, "இந்துஜா, ஏர்போர்ட்ல இருக்கியா?"ன்னு கேட்டாங்களாம். அப்பறம் இன்னொரு சின்னக் குறை. சில ஓட்டையில சொருகுனா நெட்டு வருது, சில ஓட்டையில வரலை. பழைய ஆபீசுக்காரன் உள்ள என்னென்னவோ பூட்டு போட்டு வெச்சிருக்கான், அதுக்கு பாஸ்வேர்டும் யாருக்கும் தெரியலை. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அந்தப் புள்ள பரண் மேல ஏறி, மடியில கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து என்னமோ தட்டிக்கிட்டு இருந்தா. சாயங்காலம் எல்லா விளக்கும் பச்சையா எரிஞ்சுது. ஏதோ குருட்டாம்போக்குல கை பட்டுச் சரியாயிருச்சுங்க. நான் கீழ நின்னு டார்ச் அடிச்சேன்.

"ஸ்பீடு நூறுதான் மாமா வருது. சத்தமும் அதிகம். நான் அனுப்புனதையே வாங்கியிருக்கலாம்"னா. "இருக்கட்டும் கண்ணு, பழகிரும்"னேன். பழகிருச்சு. அதுக்கப்பறம் அவ ஒண்ணும் சொல்லலை. ரொம்பவே ஒண்ணும் சொல்லலைங்க. சாப்பிடக் கூப்புட்டா வருவா, சாப்புடுவா, போயிருவா. வேலை அதிகம்போல. அந்தப் பேங்க்ல அவளை மேல தூக்கிவிடறதா ஒரு பேச்சு இருந்துச்சு. அவ கீழ பத்துப் பேரு வேலை செய்வாங்களாம். அதுக்கு முன்னாடி பெரிய ஆளுங்க முன்னால இவ ஒரு திட்டத்தை விளக்கிச் சொல்லணும். அதுக்காகத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தா. இதெல்லாம் பையன் பின்னாடி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்கிட்ட யாரும் முன்னாடியே சொல்லலைங்க. சொல்லியிருக்கணுமில்லீங்களா?

ஏன்னா, அந்த விளக்கம் சொல்ற நாள் ஆயுத பூஜை அன்னைக்கு வந்துருச்சு. வெள்ளைக்காரனுக்கு ஏது ஆயுத பூஜை?

தம்பி, நீங்க எந்த ஊரு? கரூரா. அப்ப மில்லுல ஆயுத பூஜை பார்த்திருக்க மாட்டீங்க. வருசம் பூராவும் நிக்காம ஓடற மிஷின் அன்னைக்கு நிக்கும். கழுவித் தொடைச்சு, எண்ணெய் விட்டு, ஸ்பேனர்ல இருந்து ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் வரிசையா வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு, பூசணிக்காய் சுத்தி உடைச்சா, அதுக்கப்பறம் விடிஞ்சுதான் மிஷின்ல கை வெக்கணும். படைச்ச ஆயுதத்தை எவனும் எடுக்கக் கூடாது. முதலாளியே வந்து நின்னாலும் எடுக்க மாட்டோம். ஒரு வருசம் அவசர ஆர்டர்னு மேனேஜர் வந்து கெஞ்சுனாரு. நான்தான் முடியாதுன்னேன். அந்தப் பழக்கம் ரத்தத்துல ஊறிப் போச்சுங்க.

நீங்களே சொல்லுங்க. இந்த வீட்ல நாலு பேருக்கும் சோறு போடற ஆயுதம் எது? ஸ்பேனரா? அந்தக் காலம் போச்சு. ஸ்விட்ச்தானே? அன்னைக்குக் காலையில மருமக ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருந்தப்ப பரண் ஏறி, ஒவ்வொரு வயரா பதனமாக் கழட்டி, பெட்டியைக் கீழ கொண்டுவந்தேன். ரவுட்டரையும் கழட்டிட்டேன். ரெண்டையும் தூசி தட்டித் தொடைச்சு, பூஜை ரூம்ல வாழையிலை போட்டு அதுமேல வெச்சேன். இருபத்திநாலு போர்ட்டுக்கும் தனித்தனியா சந்தனப் பொட்டு. மருமகளுக்குப் போற போர்ட் எதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முதல் பொட்டு. மேல ஒரு செவ்வந்திப் பூ. டிவியை மட்டும் எடுக்கலை. பட்டிமன்றம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நான் கற்பூரம் ஏத்தி மணியடிக்கறேன், மேல இருந்து தடதடன்னு யாரோ இறங்கி வர்ற சத்தம். மருமக. கையில கம்ப்யூட்டரைத் திறந்தபடியே புடிச்சுக்கிட்டு, காதுல அந்த ஹெட்போன் வேற. நேரா ரவுட்டர் இருக்கற எடத்துக்கு ஓடுனா. அங்க இல்லை. திரும்பிப் பூஜை ரூமைப் பார்த்தா. வாழையிலையைப் பார்த்தா, பெட்டியைப் பார்த்தா, பூவைப் பார்த்தா. நல்லா இருந்துச்சுங்க பார்க்கறதுக்கு, லட்சணமா இருந்துச்சு.

"மாமா, இதை நான் எடுத்துக்கட்டுமா? முக்கியமான மீட்டிங், இப்ப ஆரம்பிச்சிருச்சு."

"படைச்சாச்சே கண்ணு. நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம். கை கூப்பு, தீபாராதனை ஆகுது."

சசிதரன் பின்னாடியே ஓடி வந்தான். "அப்பா, உங்களுக்குக் கொஞ்சமாவது..."ன்னு ஆரம்பிச்சான். அவ அவன் கையைப் புடிச்சு நிறுத்திட்டா. புடிச்சுக்கிட்டே கண்ணை மூடிச் சாமி கும்புட்டா. ரெண்டு கண்ணுலயும் தண்ணி. பக்தி உள்ள புள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பறம் செல்போன்ல இருந்து நெட்டு எடுக்கலாம்னு மொட்டை மாடிக்கு ஓடுனாங்க. மேல டவர் கொஞ்சம் எடுக்கும். உச்சி வெயிலு. பையன் குடை புடிச்சான், அவ தண்ணி டேங்க் நிழல்ல உக்காந்து பேசுனா. நான் பொரி கடலை கொண்டு போய்க் குடுத்தேன். அதுக்குள்ள அந்தப் பக்கம் எல்லாரும் போயிட்டாங்களாம். கம்ப்யூட்டர் மூடியிருந்துச்சு. பொரியை வாங்கிக்கிட்டா. "தேங்க்ஸ் மாமா"ன்னா.

அந்த வேலை வேற யாருக்கோ போயிருச்சுன்னு பிற்பாடு கேள்விப்பட்டேன். குடுப்பினை வேணுமில்லீங்களா.

அடுத்த மாசமே ஃப்ளாட் பார்த்துட்டாங்க. சாமான் ஏத்தற அன்னைக்குக்கூட நான் கேட்டேன். வாசல்ல வண்டி நிக்குது, தனம் உள்ள அழுதுக்கிட்டு இருக்கா. "என்ன கண்ணு குறை? மாமாகிட்டச் சொல்லு"ன்னேன். "ஒண்ணுமில்லை மாமா. நெட்டு பத்தலை, அவ்வளவுதான்" அப்படீன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கால்ல விழுந்து கும்புட்டுட்டுப் போனா. இப்படி ஒரு மருமக யாருக்குங்க கிடைக்கும்?

அதான் தம்பி, நெட்டுதான்னு அவ வாயாலயே சொல்லிட்டாளே. அப்ப நெட்டைச் சரி பண்ணிட்டா தீந்துச்சு. நான் விடலை. அந்தப் பழைய வாட்சப் படத்தைத் தேடி எடுத்தேன். காளியண்ணன்கிட்டக் காட்டலை. கடைக்காரன்கிட்ட, "இதே இதுதான் வேணும், வேற எதையும் எடுத்துக் காட்டாதே"ன்னேன். எட்டு போர்ட். இரும்புப் பெட்டி. ஃபேன் இல்லை. வெச்சிருக்கறதே தெரியாது, அத்தனை அமைதி. எனக்குத்தான் அந்தச் சத்தம் இல்லாம மத்தியானத் தூக்கம் போச்சு. அது கிடக்குது.

மாட்டறதுக்கு அவளையே வரச் சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை வந்தா. பையன் கீழ அம்மாகூடப் பேசிக்கிட்டு இருந்தான். அவ பரண் ஏறி, எந்த வயர் எந்த ரூமுக்குன்னு துண்டுச் சீட்டு ஒட்டி, வரிசையாக் கட்டி, சுருக்கா முடிச்சுட்டா. இந்தத் தடவை நான் பக்கத்துல நின்னு யோசனை எதுவும் சொல்லலைங்க. ஏணியை மட்டும் புடிச்சுக்கிட்டேன். இறங்கி வந்து அவளோட பழைய ஹால்ல தரையில உக்காந்து ஸ்பீடு பார்த்தா. ஆயிரத்துக்குப் பக்கத்துல காட்டுச்சு. "இப்பத்தான் மாமா நல்லா இருக்கு"ன்னா. எனக்குன்னா சந்தோசம் தாங்கலை.

"அப்ப எப்பக் கண்ணு வர்றீங்க?"ன்னு கேட்டேன்.

காலி ஹாலை ஒரு தடவை சுத்திப் பார்த்தா. சுவத்துல அவங்க கல்யாணப் போட்டோ மாட்டியிருந்த ஆணி அப்படியே இருக்குது. "அடிக்கடி வந்துட்டுப் போறோம் மாமா"ன்னா. வந்துட்டுப் போறோம். வர்றோம்னு சொல்லலை. அன்னைக்குச் சாப்புட்டுட்டுப் போயிட்டாங்க.

தனம் உள்ள இருந்து முணுமுணுக்கறது கேக்குதுங்களா? அவளுக்குப் பொறுக்க மாட்டேங்குது.

"ஏனுங்க, வர்றவங்ககிட்ட எல்லாம் இதையே பாடிக்கிட்டு. அவருக்கு மாடியைக் காட்டுங்க. போன வாரம் வந்தவங்களும் இப்படித்தான் எந்திரிச்சுப் போனாங்க."

காட்டறேன், காட்டறேன். தம்பி, உங்களை எனக்குப் புடிச்சிருக்குது. குறுக்க பேசாமக் கேட்டீங்க. ஆனா ஒரே ஒரு கண்டிசன். அட்வான்ஸ், அக்ரிமென்ட் எல்லாம் தனம் எப்படிச் சொல்றாளோ அப்படியே. என்ற பையனும் மருமகளும் வர்றோம்னு சொன்னா மட்டும் அந்த நிமிசமே காலி பண்ணிக் குடுத்துரணும். எப்ப வேணும்னாலும் சொல்லுவாங்க. நாளைக்கேகூடச் சொல்லுவாங்க. நெட்டுதான் சரியாயிருச்சே.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? தனமும் இப்படித்தான் பார்க்கறா. "நெட்டைத் தவிர வேற ஏதாவது இருக்கும்ங்க. அந்தப் புள்ளைகிட்ட ஒரு தடவை மனசு விட்டுக் கேளுங்க"ன்னு தினமும் நச்சரிக்கறா.

ரெண்டு தடவை போன் பண்ணேன் தம்பி. கேக்கலாம்னுதான் பண்ணேன். அவ எடுத்து, "சொல்லுங்க மாமா"ன்னா. நெட்டு நல்லா ஓடுது கண்ணுன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

பயமா இருக்குதுங்க. கேட்டா சொல்லீருவா.